'புரியுதா?' என்று கேட்பதை நிறுத்திய கதை: செல்டா முதல் சவூதி வேலை வரை

போன வாரம் சான்றிதழ் கைக்கு வந்தது. செல்டா, அதாவது வேற்றுமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க கேம்பிரிட்ஜ் தரும் ஆசிரியர் சான்றிதழ். வெறும் பாஸ். அதற்கு மேலான பாஸ் பி-யும் கிடையாது, பாஸ் ஏ-யும் கிடையாது. நாலு நாள் கழித்து சவூதி விசாவும் வந்துவிட்டது. தம்மாம் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரி. பட்டப்படிப்பில் சேருவதற்கு முன்னால் பெண்கள் படிக்கும் ஆயத்த ஆண்டில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கப் போகிறேன். தண்டையார்பேட்டையை விட்டு நான் அதிகபட்சம் போனது வேளாங்கண்ணி வரைக்கும்தான். மனசு இன்னும் நிலைக்கு வரவில்லை, ஆனால் மறந்துபோவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

செல்டாவில் என்னென்ன இருக்கிறது என்று நான் விளக்கப் போவதில்லை. 120 மணி நேரம், 6 மணி நேர டீச்சிங் பிராக்டிஸ் (டீ.பி., நிஜ மாணவர்களுக்கு வகுப்பெடுப்பது), நாலு அசைன்மென்ட் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் எங்கே விழுந்தேன், எப்படி எழுந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வட சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் ஏழு வருடம் ஆங்கிலம் எடுத்தவள் நான். ஒரு வகுப்பில் 54 பிள்ளைகள். பாடத்தைச் சொல்வேன், போர்டில் எழுதுவேன், திரும்பி "புரியுதா?" என்பேன். "புரியுது மிஸ்!" என்று 54 குரலும் ஒன்றாக வரும். ஏழு வருடம் அந்தக் குரலை நம்பினேன். அனுபவம் இருக்கிறதே, கோர்ஸில் சமாளித்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் அம்மாவின் செயினை அடகு வைத்துப் பணம் கட்டினேன்.

முதல் இரண்டு டீ.பி. தப்பித்தது. மூன்றாவது, 'நாட் டு ஸ்டாண்டர்டு', அதாவது தரம் போதாது. நாலாவதும் அதேதான். இரண்டு வாரம் முடிந்த அன்று, இப்படியே போனால் ஃபெயில் ஆகலாம் என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஆயிரம் விளக்கில் மெட்ரோ ஏறி தண்டையார்பேட்டை வரும் வரை அந்தக் காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

டியூட்டர் கொடுத்த ஃபீட்பேக் தாளில் ஓரமாகச் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன. ஐந்து ஐந்தாகக் கட்டி எண்ணியிருந்தார். மொத்தம் 23. நாற்பது நிமிடத்தில் நான் "அண்டர்ஸ்டாண்ட்?" என்றும் "ஓகே?" என்றும் கேட்டது 23 தடவை. ஒரு தடவைகூட அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வந்திருக்க முடியாது என்று கீழே எழுதியிருந்தார்.

மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். "புரியுதா?" என்று கேட்காதீர்கள். பெரியவர்கள் அவமானத்துக்குப் பயந்து ஆமாம் என்பார்கள். பிள்ளைகள் பழக்கத்தில் ஆமாம் என்பார்கள். புரிந்தால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற கேள்வியைக் கேளுங்கள்.

"ஐ யூஸ்டு டு லிவ் இன் ராயபுரம்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது ராயபுரத்தில் இருக்கிறேனா? இல்லை. முன்னால் இருந்தேனா? ஆமாம். ஒரு நாள் இருந்தேனா, ரொம்ப நாளா? ரொம்ப நாள். மூன்று கேள்வி, மூன்று சின்னப் பதில். யாருக்குப் பிடிபடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்துவிடும். இதைத்தான் கான்செப்ட் கேள்வி என்று கோர்ஸில் மண்டையில் ஏற்றுகிறார்கள். எனக்கு அது புத்தகத்திலிருந்து ஏறவில்லை, என் ஆயா நினைவுக்கு வந்த பிறகுதான் ஏறியது.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் வைத்துத் தெருத் தெருவாக விற்றவர். எங்களைக் கடைக்கு அனுப்பும்போது காசைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்: "எந்தக் கடை? எத்தினி முட்ட? மிச்சம் எவ்ளோ வரணும்?" மூன்றுக்கும் சரியாகச் சொன்னால்தான் காசு கைக்கு வரும். "புரிஞ்சுதா?" என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அன்று இரவே அண்ணன் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எட்டு வயது. அந்த வாரம் முழுக்க அவனிடம் எதைச் சொன்னாலும் ஆயா மாதிரியே திருப்பிக் கேட்டேன். அம்மாவிடமும் அப்படித்தான் பேசினேன். ஐந்தாவது டீ.பி. 'டு ஸ்டாண்டர்டு' வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை.

செல்டாவுக்கு என் குறிப்புகள், வரிசை இல்லாமல்:

- லெஸன் பிளானில் கான்செப்ட் கேள்விகளை வார்த்தைக்கு வார்த்தை எழுதிவையுங்கள். வகுப்பில் நின்றுகொண்டு யோசித்தால் வாயில் "ஓகே?"தான் வரும்.
- காலை நாலு மணிக்கு எழுந்து பிளான் எழுதினேன். இரவில் எழுதியவை எல்லாம் நீளமாக, தேவையில்லாத விஷயங்களோடு இருந்தன.
- குழுவாக உட்கார்ந்து பிளான் போடுவது எனக்கு ஒத்துவரவில்லை. மற்றவர்கள் பேசப் பேச என் பாடம் எது என்றே குழம்பிவிடும். தனியாக எழுதி, ஒருவரிடம் மட்டும் காட்டினேன்.
- கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த அமைதிக்குப் பயப்படாதீர்கள்.
- அசைன்மென்ட் திரும்பி வந்தால் கலங்காதீர்கள். ஒவ்வொன்றையும் ஒரு தடவை திருத்திக் கொடுக்கலாம். எனக்கு இரண்டு திரும்பி வந்தன.

'ஃபோகஸ் ஆன் தி லேர்னர்' அசைன்மென்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மாணவரை எடுத்துக்கொண்டு அவருடைய ஆங்கிலத்தை ஆராய்ந்து எழுதுவது அது. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பயிற்சி வகுப்புக்கு ஓமானியர் ஒருவர் வந்தார். மனைவியின் சிகிச்சைக்காகக் கிரீம்ஸ் சாலைப் பக்கம் லாட்ஜில் தங்கியிருந்தார். ஆஸ்பத்திரியில் பேச ஆங்கிலம் வேண்டும் என்று இலவச வகுப்பில் சேர்ந்தவர். அவரைத்தான் எடுத்துக்கொண்டேன். வண்டி நிறுத்தும் பார்க்கிங்கை அவர் சொன்னால் நாய் குரைக்கும் பார்க்கிங் மாதிரி இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்மாலும் எழுதிக் காட்ட முடியாது, பாருங்கள். நமக்கு ஒலி இரண்டு உண்டு, எழுத்து ஒரே 'ப'. அரபியில் வண்டி பார்க்கிங்கின் அந்த 'ப' ஒலியே கிடையாது.

"மை வைஃப் சிக்" என்பார். நடுவில் 'இஸ்' வராது. சோம்பேறித்தனம் என்று என் பழைய பள்ளியில் சொல்லியிருப்பார்கள். அரபியில் நிகழ்காலத்தில் அந்தச் சொல் தேவைப்படாது. தமிழில் மட்டும் தேவையா? "அவர் டாக்டர்" என்றால் முடிந்தது. 'ஸ்ட்ரீட்' அவர் வாயில் 'இஸ்ட்ரீட்' ஆகும், எங்கள் ஆயா வாயில் 'ஸ்கூல்' 'இஸ்கூலு' ஆன மாதிரியே. அரபியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு இல்லை, நமக்கும் இல்லை. வலமிருந்து இடமாக எழுதுவதும், குறில் உயிர்களைப் பெரும்பாலும் எழுதாமல் விடுவதும்தான் நம்மிடமிருந்து வேறுபடுகிற இடங்கள். அதனால்தான் அவர்கள் ஆங்கிலம் எழுதும்போது உயிரெழுத்துகள் காணாமல் போகின்றன.

இதையெல்லாம் எழுதி முடித்தபோது எனக்குள் ஒரு பயம் போய்விட்டது. இங்கிலாந்துக்காரரைவிட இந்தப் பிள்ளைகளின் தப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குச் சீக்கிரம் தெரியும். நானும் அதே இடத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவள்.

ஆனால் விளம்பரங்கள் அப்படி நினைப்பதில்லை. இதைக் கசப்போடுதான் எழுதுகிறேன். நான் பார்த்த வளைகுடா விளம்பரங்களில் பாதிக்கு மேல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா பாஸ்போர்ட் வேண்டும் என்று வெளிப்படையாகவே போட்டிருந்தார்கள். படிப்பும் சான்றிதழும் ஒன்றாக இருந்தாலும் சம்பளம் பாஸ்போர்ட்டைப் பார்த்து மாறுகிறது. ஒரு நிறுவனம் என் எம்.ஏ. தொலைநிலைக் கல்வியில் படித்தது என்பதற்காகவே நிராகரித்தது. பாரதி மகளிர் கல்லூரியில் நேரில் போய்ப் படித்த பி.ஏ.தான் கடைசியில் கை கொடுத்தது. இளங்கலை படிக்கிற தங்கைகள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நேர்காணல் வீடியோவில் நடந்தது. பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் திரையில் காட்டினார்கள். ஒரு பையனும் பெண்ணும் உணவகத்தில், மேசையில் ஒயின் கோப்பை. இதை எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டார்கள். "உங்கள் பண்பாட்டை மதிக்கிறேன்" என்று சொல்லுங்கள் என ஒரு ஏஜென்ட் சொல்லிக் கொடுத்திருந்தார். அதைச் சொல்லவில்லை. இந்தப் பக்கம் கற்றுக்கொடுப்பது ஒருவரை அழைப்பதும் அதற்குப் பதில் சொல்வதும், அதை அப்படியே வைத்துக்கொள்வேன், படத்தை மட்டும் மாற்றிவிட்டு ஒரு பெண் தன் தோழியை அக்கா கல்யாணத்துக்குக் கூப்பிடுவதாக அமைப்பேன் என்றேன். அங்கே கல்யாணத்தில் பெண்களுக்குத் தனி மண்டபம், அதனால் என்ன உடுத்துவது, எத்தனை மணிக்கு வருவது என்று பேசவும் அவர்களுக்கு நிறைய இருக்கும் என்றேன். எதிரில் இருந்த அம்மையார் எதையோ எழுதிக்கொண்டார்.

எதைத் தொடக்கூடாது என்பதற்கு ஆங்கில ஆசிரியர்களிடையே, ஏழு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த 'பார்ஸ்னிப்' என்று ஒரு சுருக்கம் உண்டு. அரசியல், மது, மதம், பாலுறவு, போதைப்பொருள், இசங்கள் (கம்யூனிசம் மாதிரியான கொள்கைகள்), பன்றி இறைச்சி. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆனால் அதை ஒப்பித்தால் போதாது, மாற்றுப் பாடத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

கல்யாண மண்டப விஷயம் எனக்குத் தெரிந்தது மண்ணடி அக்காவால். அம்மாவின் பழைய தோழி மகள். கணவரோடு சவூதியின் ஜுபைலில் 11 வருடம் இருந்துவிட்டு 2014-ல் திரும்பியவர். உடுப்புக்கு மேல் போடும் நீள அங்கியான அபாயா வாங்க மண்ணடியில் கடை கடையாகக் கூட்டிப் போனவரும் அவரே. "நீ பயப்படாத, பொம்பளைங்க மட்டும் இருக்கற எடத்துல அவங்க சிரிக்கற மாதிரி யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றார்.

ஆனால் அக்கா இருந்த காலம் வேறு. 2018 ஜூனிலிருந்து பெண்கள் வண்டி ஓட்டுகிறார்கள். 2019-ல் 21 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் ஆண் காப்பாளர் அனுமதியின்றி பாஸ்போர்ட் எடுக்கலாம் என்று ஆனது. தொழுகை நேரத்தில் கடை சாத்துவது 2021-லிருந்து கட்டாயமில்லை. அதே வருடம்தான் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் வந்தது. வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா கட்டாயம் இல்லை என்கிறார்கள், இருந்தாலும் நான் உடுத்தத்தான் போகிறேன். கல்லூரிக்குள் கணுக்கால் வரை பாவாடை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர்கள் அந்த ஊர் மாறிவிட்டது, மாறவில்லை என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்கு நாட்டமில்லை. வகுப்பில் உட்காரப் போகிற பெண்களுக்கு ஆங்கிலம் வர வேண்டும்.

காகித வேலைகள், சுருக்கமாக:

- பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. நிறுவனம் அப்பா பெயரையே என் பெயராகப் போட்டுக் கடிதம் அனுப்பியது. மூன்று வாரம் போனது. கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்பே எல்லாக் காகிதத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.
- பட்டம்: பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்று, தலைமைச் செயலகத்தில் உயர்கல்வித் துறை, அதன்பின் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் (ஒப்பந்த நாடுகள் ஏற்கும் சான்று முத்திரை). சவூதி 2022 டிசம்பரிலிருந்து அப்போஸ்டில் ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டது. குவைத், கத்தார் போகிறவர்களுக்கு இது பொருந்தாது, தூதரக முத்திரை வேண்டும்.
- ஏஜென்ட்: வெளியுறவுத் துறையின் இ-மைகிரேட் இணையதளத்தில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். என்னிடம் ஒருவர் இரண்டு லட்சம் கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். விசா, இகாமா (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) செலவு முதலாளியுடையது என்பது சவூதி தொழிலாளர் சட்டம்.
- தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது. தனியாரிடம் போகும் முன் அங்கே போங்கள்.
- மருத்துவப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரேயைக் கூர்ந்து பார்க்கிறார்கள். முன்பு காசநோய் வந்து ஆறியிருந்தால் முதலிலேயே ஒரு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
- மாத்திரை எடுத்துப் போனால் சீட்டும் கூட இருக்கட்டும். நமக்குச் சாதாரணமான சில வலி மாத்திரைகளுக்கு அங்கே கட்டுப்பாடு.
- கசகசா கூடாது. வளைகுடாவில் அது தடை. அம்மா அரைத்த குருமா மசாலாவில் போட்டிருந்தார். நல்லவேளை, அக்கா கேட்டார். மொத்தத்தையும் அண்ணிக்குக் கொடுத்துவிட்டு, கசகசா இல்லாமல் திரும்ப அரைத்தோம்.
- கோயில், சர்ச் எதுவும் அங்கே கிடையாது. வீட்டுக்குள் தனியாகக் கும்பிட்டுக்கொள்ளலாம். அம்மாவுக்கு இதைச் சொல்லத்தான் எனக்கு அதிக நாள் ஆனது.
- அனுமதி இல்லாமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். பெண்கள் வளாகத்தில் போனை எடுக்கவே யோசியுங்கள்.

வேலை நாள் ஞாயிறு முதல் வியாழன். இங்கே எல்லோரும் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாரத்தின் முதல் நாள். வீட்டுக்குப் போன் பேச வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்திருக்கிறோம். அண்ணன் மகன் இப்போதே காலண்டரில் வெள்ளிக்கிழமைகளை வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.

என் எட்டு லெஸன் பிளானும், விழுந்த இரண்டையும் சேர்த்து, ஃபீட்பேக் தாளோடு ஒரு கட்டாக இருக்கின்றன. அடுத்த பேட்ச்சில் சேருகிற யாராவது தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் இருந்தால், இந்த மாதக் கடைசிக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அம்மாவிடம் கேளுங்கள். பரணில் எந்தப் பையில் இருக்கிறது என்று அவரிடம் சொல்லி, திருப்பிக் கேட்டும் வைத்திருக்கிறேன்.