ஆச்சியின் படிவத்தில் இருந்த மொழி

மெல்பர்னில் முதியோர் இல்லத்துக்குத் தன்னார்வலராகப் போக விண்ணப்பித்தேன். முதல் தடவை உள்ளே நுழைய ஏழு மாதம் ஆனது. அதில் நான்கு மாதம், படிவத்தில் ஒரு கட்டத்தை யாரோ தப்பாக நிரப்பியதால் போனது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

ஏஜ்ட் கேர் வாலண்டியர் விசிட்டர்ஸ் திட்டம் இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். 1992-இல் கம்யூனிட்டி விசிட்டர்ஸ் என்று தொடங்கி, 2023-இல் பெயர் மாறியது. பார்க்க வர ஆளில்லாத ஒரு முதியவரோடு வருடத்துக்குக் குறைந்தது 20 தடவை போய் உட்கார்ந்து பேச வேண்டும். நேர்காணல், பரிந்துரை, பயிற்சி எல்லாம் சுலபமாக முடிந்தன.

போலீஸ் செக்கில்தான் முதல் தடங்கல். என் லைசென்ஸில் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. இருவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க இரண்டு வாரம் போனது. நம்மூர்ப் பெயர் வைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே எல்லா அட்டைகளையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஸ்டாட் டெக், அதாவது சாட்சி முன்னால் கையெழுத்திடும் சட்டப்படியான உறுதிமொழி. 16 வயதுக்குப் பிறகு வேறு நாட்டுக் குடியுரிமை இருந்தவர்கள், கொலை, பாலியல் தாக்குதல் போன்ற கடும் குற்றங்களில் தண்டனை பெற்றதில்லை என்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு, சாட்சிக் கையெழுத்து வாங்க மருந்துக் கடைக்கு எடுத்துப் போனேன்; இங்கே மருந்தாளரும் சாட்சியாகலாம். மருந்தாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாட்சியின் கண்முன்னால் கையெழுத்துப் போட வேண்டுமாம். மறுபடி பிரிண்ட் எடுத்துத் திரும்புவதற்குள் அவர் கிளம்பிவிட்டார். அரைநாள் லீவு வீண். கையெழுத்து இடத்தைக் காலியாகவே எடுத்துப் போங்கள்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அப்புறம் நான்கு மாதம், "தமிழ் பேசுகிறவர்கள் யாரும் பட்டியலில் இல்லை" என்றே பதில் வந்தது. ஒருநாள் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலில் சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நின்ற அக்கா, தான் ஓர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்ப்பதாகச் சொன்னார். பெயர் எதுவும் சொல்லவில்லை. "எங்க இடத்துல யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருத்தர் இருக்கார். யாரும் வர்றதில்ல" என்றார்.

மறுநாளே ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். அவர் தேடிப் பார்த்தார். ஆச்சி பட்டியலில் இருந்தார். நாடு: இலங்கை. மொழி: சிங்களம். அத்தனை மாதமும் அவருக்காகச் சிங்களம் பேசும் ஆளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நானோ பத்து கிலோமீட்டர் தள்ளி சும்மா உட்கார்ந்திருந்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர் இல்லத்தில் இருந்தால், பராமரிப்புத் திட்டத்தில் மொழி என்ற வரியை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். பிறந்த நாட்டை வைத்து ஊகிக்கிறார்கள்.

"பேச மாட்டார்" என்று சொல்லித்தான் என்னை அறைக்கு அனுப்பினார்கள். மறதி நோயில் ஆச்சிக்கு இங்கிலீஷ் முழுக்கப் போய்விட்டிருந்தது. "ஆச்சி, சுகமா இருக்கீங்களா?" என்றேன். ஜன்னல் பக்கம் இருந்த முகம் திரும்பியது. கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார்.

"பிள்ளை எவடம்?"

"கும்பகோணம், ஆச்சி."

"நாங்கள் நல்லூர்" என்றவர், முக்கால் மணி நேரம் 25 நாள் திருவிழாவைப் பற்றியே பேசினார். என் கையை விடவே இல்லை.

அடுத்த வாரம் ஆசையாகப் பிட்டு அவித்து எடுத்துப் போனேன். நர்ஸ் வாசலிலேயே நிறுத்தினார். ஆச்சிக்கு விழுங்குவதில் சிரமம். மசித்த உணவுதான், டீயில் கூடக் கெட்டியாக்கும் பொடி கலந்துதான் கொடுக்கிறார்கள். தடுத்ததற்கு அவருக்கு நன்றி சொன்னேன். எதை எடுத்துப் போவதானாலும் நர்ஸிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

மொழி வரியைத் திருத்த மூன்று மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கிடையில், கட்டிலுக்கு மேலே ஒட்டச் சொல்லி, தண்ணி, பசி, குளிருதா, வலிக்குதா என்று ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நர்ஸ்கள் முயன்று பார்த்தார்கள். தண்ணிக்குத் தலையாட்டிய ஆச்சி, வலிக்குதாவுக்குப் பேசாமல் இருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதை அடித்துவிட்டு "நோகுதா" என்று எழுதினேன்.

போன செவ்வாய்க்கிழமை நான் அறையில் இருந்தபோதே, நேபாளத்து நர்ஸ் குனிந்து, தாளைப் பார்த்து மெதுவாக "நோகுதா?" என்று கேட்டார். ஆச்சி போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.