வேர் வெளுக்கும்வரை பொறு: சேலத்து வீட்டில் ஆர்க்கிட் வளர்த்துத் தேர்வு எழுதிய அனுபவம்

முதுகலைத் தாவரவியல் இறுதியாண்டில் திட்டப்பணி கட்டாயம். என் வகுப்பில் பெரும்பாலானோர் மூலிகைச் சாறு, நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் என்று ஆய்வகத்திலேயே முடிந்துவிடும் தலைப்புகளை எடுத்தார்கள். நான் வீட்டுக்குள் ஆர்க்கிட் வளர்த்து அதன் நீர்த் தேவையைப் பதிவு செய்வதாக எழுதிக் கொடுத்தேன். அம்மாபேட்டையில் முதல் மாடியில் வாடகை வீடு. கிழக்கே ஒரு ஜன்னல், தெற்கே கம்பி அடித்த சிறு பால்கனி. இவ்வளவுதான் என் ஆய்வுக்கூடம். இந்தத் தலைப்பை எடுக்க நினைக்கும் மாணவர்களுக்கும், தேர்வு எதுவும் இல்லாமல் ஆசைக்கு ஒரு செடி வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் தொற்றுத் தாவரம், அதாவது மரத்தில் ஒட்டி வளரும் செடி, என்றதும் 'வாண்டா' என்ற ஆர்க்கிட்டின் பெயரை எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியவர்கள்தான் நாம் எல்லோரும். வெலாமன் திசு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதும் மனப்பாடம். ஆனால் அந்தத் திசுவைக் கண்ணால் பார்த்தது, என் முதல் செடி செத்த பிறகுதான்.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த ஆனி மாதத்தில், பூவோடு இருந்த ஒரு ஃபலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் செடியை வாங்கினேன். வேரைச் சுற்றிப் பாசியை இறுக்கி அடைத்திருந்தார்கள். துளசிக்கு ஊற்றுவதுபோல் தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாவது வாரம் இலைகள் துவண்டு சுருங்கின. தாகம் என்று நினைத்து மாலையிலும் ஊற்றினேன். ஆறாவது வாரம் செடியைத் தொட்டதும் தொட்டியிலிருந்து தனியே கையோடு வந்துவிட்டது.

பாசியைப் பிரித்தேன். வேர்கள் காப்பி நிறத்தில் கொழகொழவென்று இருந்தன. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால், மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்தது. உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. உருவி வந்த அந்த உறைதான் வெலாமன். உயிருள்ள வேரில் அது பஞ்சு. காற்றில்லாமல் ஊறிக்கிடந்தால் அழுகல். வேர் அழுகினால் செடியால் தண்ணீர் குடிக்க முடியாது, அதனால் இலை சுருங்குகிறது. தண்ணீர் போதாமல் போனாலும் இலை அதேபோலத்தான் சுருங்கும். இலையை மட்டும் பார்த்துத் தண்ணீர் விடுகிறவர் கையில் ஆர்க்கிட் சாவது இதனால்தான். இலை துவண்டால் முதலில் வேரைப் பாருங்கள். வேர் வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் தாகம். பழுப்பாக, மெத்தென்று இருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு, அழுகியதைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் வைக்க வேண்டும்.

என் வழிகாட்டி ஆசிரியையிடம் அழாத குறையாகச் சொன்னேன். "செத்ததையும் எழுது அம்மா, அதுதான் உன் முதல் பதிவு" என்றார். அந்த ஒரு வாக்கியம் என் திட்டப்பணியைக் காப்பாற்றியது.

ஆவணி கடைசியில் மறுபடி தொடங்கினேன். ஒரு ஃபலனாப்சிஸ், டென்ட்ரோபியம் என்ற இன்னொரு வகை ஆர்க்கிட்டில் இரண்டு. இந்த முறை ஃபலனாப்சிஸுக்கு வெளியிலிருந்தே வேர் தெரியும்படி கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தொட்டி. கலவைக்கு அடுப்புக்கரி, உடைத்த ஓட்டுச் சில்லு, கட்டைவிரல் பருமனுக்கு வெட்டிய தேங்காய் மட்டை. மட்டையில் உப்பு இருக்கும். மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, கடைசியில் ஒருமுறை அலசிய பிறகே பயன்படுத்தினேன். மண் ஒரு பிடிகூடக் கிடையாது. மரக்கிளையில் தொற்றி வாழ்ந்த பரம்பரை இது. வேருக்கு ஈரம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம், சமையலறைத் தராசு. தண்ணீர் விட்டு நன்றாக வடிந்ததும் ஃபலனாப்சிஸ் தொட்டியின் எடை 480 கிராம். வேர் எல்லாம் வெளுத்து, கரி காய்ந்த நாளில் 365. இந்த இரண்டு எண்களையும் அட்டையில் பெரிதாக எழுதிக்கொண்டேன். 380-க்கு வந்ததும் மறுநாள் காலை தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் தராசு தேவைப்படவில்லை, கையில் தூக்கினாலே தெரிந்தது. ஆனாலும் பதிவுக்காகத் தினமும் நிறுத்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் மாதமாவது இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தண்ணீர் விட்டவுடன் வேரைப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். காய்ந்த வேர் வெள்ளிக் கொலுசைப்போல மங்கிய வெண்மையாக இருக்கும். தண்ணீர் பட்ட இடத்திலிருந்து பச்சை மெல்ல ஊர்ந்து பரவும். வெலாமனின் வெற்றுச் செல்களில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ள, அடியிலுள்ள பச்சையம் வெளியே தெரிகிறது. பச்சை மறைந்து மறுபடி வெள்ளி வந்தால் செடி உங்களைக் கூப்பிடுகிறது என்று பொருள். காலண்டரைப் பார்த்துத் தண்ணீர் விடவே கூடாது. என் நோட்டில் ஐப்பசி அடைமழையில் ஒன்பது நாள் இடைவெளி இருக்கிறது, பங்குனியில் மூன்றே நாள் இருக்கிறது. இரண்டும் ஒரே செடி, ஒரே ஜன்னல்.

விடும் முறையும் முக்கியம். காலை ஒன்பது மணிக்குள், தொட்டியைக் கழுவுத் தொட்டிக்கு எடுத்துப்போய், அடியிலிருந்து ஒழுகும்வரை ஒரு நிமிடம் மெதுவாக ஊற்ற வேண்டும். கால் மணி நேரம் வடியவிட்டுத்தான் இடத்தில் வைக்க வேண்டும். தட்டில் தேங்கிய தண்ணீரில் தொட்டி நிற்கக் கூடாது. ஃபலனாப்சிஸின் நடுக்குருத்தில் தண்ணீர் தங்கிவிட்டால் மெல்லிய பருத்தித் துணியின் நுனியை முறுக்கி உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இரவெல்லாம் அது அங்கே நின்றால் குருத்து அழுகும். இந்தச் செடிக்கு வளரும் நுனி அந்த ஒன்றுதான். டென்ட்ரோபியம் அப்படியில்லை, அடியிலிருந்து புதுத் தண்டுகள் விட்டுக்கொண்டே போகும். அதன் பருத்த தண்டுகளில் தண்ணீரைச் சேமித்துக்கொள்வதால் ஒருநாள் மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஒருபாத வளர்ச்சி, பல்பாத வளர்ச்சி என்று பாடத்தில் படித்த வேறுபாடு, தண்ணீர் விடும்போது கைக்கு வரும் வேறுபாடு.

சேலத்துக்காரர்கள் தண்ணீரைப் பற்றித் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம் ஊர்க் கரடுகள் மேக்னசைட் வெட்டி எடுக்கும் வெள்ளைக் கரடுகள். பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான். பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் விடுவதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அதே படிவம் ஆர்க்கிட் வேரிலும் விழுகிறது. ஒரு டென்ட்ரோபியத்துக்கு மட்டும் இரண்டு மாதம் உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். புதிதாக வந்த பச்சை வேர்நுனிகள் கறுத்து நின்றுவிட்டன, கரியின்மேல் வெள்ளைப் பொருக்கு கட்டியது. பிறகு மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் தனியாகப் பிடித்து வைத்தேன். மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீர், முதல் மழையை விட்டுவிட்டு. மழைத் தண்ணீருக்கு ஈடு எதுவும் இல்லை.

உரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரம், லிட்டருக்கு அரை கிராம், மூன்று வாரம் வாரத்துக்கு ஒருமுறை. நான்காவது வாரம் வெறும் தண்ணீரால் உப்பைக் கழுவிவிடுவது. காய்ந்த வேரில் உரம் படக்கூடாது. முதலில் தண்ணீர், பிறகு உரம். மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே ஆரம்பத்தில் போய்விடும்.

வெளிச்சத்தில்தான் நான் வெகுநாள் தடுமாறினேன். இலைக்கு ஓர் அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். நிழல் மங்கலாக விழுந்தால் ஃபலனாப்சிஸுக்குச் சரி. நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் அந்த வெயில் அதற்கு ஆகாது, இலை வெந்து வெளுக்கும். டென்ட்ரோபியத்துக்கு இன்னும் கூடுதல் வெளிச்சம் வேண்டும். கரும்பச்சையாக, மினுமினுப்பாக இலை இருப்பதைப் பார்த்துச் செடி செழிப்பாக இருக்கிறது என்று நான் மகிழ்ந்திருந்தேன். அது வெளிச்சம் போதவில்லை என்பதன் அடையாளம். பால்கனிக்கு மாற்றிய பிறகு இலை இளம்பச்சையானது, தண்டு பருத்தது. மாசியில் வறண்ட காற்று தொடங்கியதும் ஒரு தாம்பாளத்தில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காத அளவு தண்ணீர் விட்டு, அதன்மேல் தொட்டிகளை வைத்தேன்.

பூ வராதது அடுத்த கவலை. ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விட, சில வாரங்களுக்காவது இரவுகள் குளிர வேண்டும், 18 டிகிரிக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டு அறை மார்கழியிலும் 23-க்குக் கீழே இறங்கவில்லை. ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே பெரியம்மா வீடு இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் அங்கே விட்டேன். வெளியே வைத்தால் மலைக்குளிர் அதிகம் என்பதால் வீட்டுக்குள், ஜன்னலோரம்.

பெரியம்மா தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மண்ணே இல்லையே கண்ணு, இது எதைத் தின்று உயிரோடு இருக்கிறது?" என்றார்.

"எங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் இதுமாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிடுங்கித் தரட்டுமா?" என்றும் கேட்டார். வேண்டாம் பெரியம்மா என்றேன். காட்டு ஆர்க்கிட்டின் விதை தூசியைப்போன்றது, உள்ளே உணவுச் சேமிப்பு இல்லை. தனக்கேற்ற பூஞ்சை கிடைத்தால்தான் முளைக்கும். ஒரு காயில் ஆயிரமாயிரம் விதை இருந்தும் மலையில் ஒரு செடி உருவாவது அவ்வளவு அரிது. அதைப் பிடுங்கிச் சேலத்து வெயிலில் கொண்டுவந்து கொல்ல எனக்கு மனம் வராது. நீங்களும் செய்யாதீர்கள், வளர்ப்புச் செடிகளே கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன.

மலையில் பதினொரு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் தேவைப்பட்டது. பெரியம்மா தொலைபேசியில் வேரின் நிறத்தைச் சொல்வார், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். தை பிறந்து ஒரு வாரத்தில், இலைக்கக்கத்தில் ஏதோ முளைத்திருப்பதாகச் சொன்னார். வேராக இருந்தால் நுனி உருண்டு வழவழப்பாக இருக்கும். பூந்தண்டின் நுனி சற்றே தட்டையாக, மூடிய சிறு கையைப்போல் இருக்கும். "கைதான் கண்ணு" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

திட்டப்பணி எழுதும் மாணவர்களுக்குச் சில சொற்கள். இணையத்தில் கிடைக்கும் நீர் அட்டவணையை எடுத்து ஒட்டாதீர்கள், தேர்வாளர் அடுத்த கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார். நீங்கள் எடுத்த எடை, அந்த நாளின் வெப்பம், வேரின் நிறம், இந்த மூன்றும் தேதியோடு இருந்தால் போதும். செத்த செடியின் படத்தை மறைக்காதீர்கள். என்னிடம் அதிக நேரம் கேட்கப்பட்டது அதைப் பற்றித்தான். வெலாமன், மகரந்தத் திரள், மொட்டு மலரும்போது 180 டிகிரி திரும்பிக்கொள்வது, இரவில் இலைத்துளை திறக்கும் கேம் வகை ஒளிச்சேர்க்கை ஆகியவற்றைப் புத்தகத்தில் ஒருமுறை, செடியில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். கேம் என்றால் என்ன என்ற கேள்விக்கு, பூவெடுக்க இரவுக் குளிர் தேடி மலைக்குப் போன கதையை இழுத்து நான் குழப்பிவிட்டேன். அவை வேறு வேறு காரியங்கள். இரவில் துளை திறப்பது நீர் இழப்பைக் குறைக்க. குளிர் தேவைப்படுவது பூந்தண்டுக்கு. தேர்வாளர் பொறுமையாகத் திருத்தினார்.

வாய்மொழித் தேர்வு பங்குனியில் வந்தது. ஃபலனாப்சிஸில் நான்கு பூக்கள் விரிந்திருந்தன, இரண்டு மொட்டு பாக்கி. செடியை அட்டைப்பெட்டியில் நிறுத்தி, சுற்றிலும் செய்தித்தாள் அடைத்து எடுத்துப் போயிருந்தேன். எல்லாக் கேள்வியும் முடிந்து நான் எழுந்தபோது, தேர்வாளர் தொட்டியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "இன்றைக்கு இதற்குத் தண்ணீர் விட வேண்டுமா?" என்று கேட்டார்.

குனிந்து பார்த்தேன். மேல் வேர்கள் வெளுத்திருந்தன. அடியில், தொட்டியின் சுவரை ஒட்டி, இரண்டு வேர்களில் இன்னும் பச்சை இருந்தது.

"நாளைக் காலை, ஐயா" என்றேன்.