மார்ச் பிரேக்கை விடுங்கள், மே மாதம் புன்டா கானா போங்கள்

ரொறன்ரோவில் பனி கொட்டத் தொடங்கியதும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான். பிள்ளைகளோடு எங்கேயாவது ஓல் இன்க்ளூசிவ் (சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் ஒரே விலையில்) போகவேண்டும், காசும் கனக்கப் போகக்கூடாது, எது நல்லது? உடனே பத்துப் பேர் பத்து ரிசோர்ட்டின் பெயரை எழுதுவார்கள். எந்த வாரம் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். என்னைக் கேட்டால் முதலில் கேட்கவேண்டியது அதுதான், ஹோட்டல் பெயரெல்லாம் பிறகு.

ஒன்ராறியோ பள்ளிகளின் மார்ச் பிரேக் மார்ச் நடுவில் வரும். கியூபெக் பிள்ளைகளுக்கு அதற்குக் கொஞ்சம் முன்னால். இரண்டு மாகாணத்துக் குடும்பங்களும் அடுத்தடுத்து அதே விமானங்களுக்கும் அதே அறைகளுக்கும் முட்டிமோதுவதால் பெப்ரவரி கடைசியில் ஏறுகிற விலை ஈஸ்டர் முடியும்வரை இறங்காது. டொமினிக்கன் குடியரசின் புன்டா கானாவில் அதே அறையும் அதே கடலும் அதே பஃபேயும் மே மாதத்தில் பாதிக்குச் சற்று மேலான விலையில் கிடப்பதைப் பார்த்தபிறகு மார்ச்சில் போக எனக்கு மனம் வருவதில்லை. பள்ளிக்கூடம் என்ன ஆவது என்று மாமி கேட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை விக்டோரியா டே விடுமுறையோடு சேர்த்து நாலு நாள் போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது என்பது என் கட்சி. ஹைஸ்கூல் பிள்ளை இருந்தால் கதை வேறு, அவர்களுக்குச் சோதனை இருக்கும், ஜூன் கடைசியில் பள்ளி பூட்டியதும் போங்கள், அப்போதும் மார்ச் விலை வராது.

மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கரீபியன் பக்கத்துப் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஓகஸ்ட், செப்டம்பரில்தான் உண்மையான பயம், அந்த மாதங்களில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சின்னப் பிள்ளைகளோடு நான் போகமாட்டேன். இன்னொன்று சர்காசம் என்கிற பழுப்புக் கடற்பாசி. 2011இலிருந்து கரீபியன் கரைகளில் இது பெருமளவில் வந்து ஒதுங்குகிறது, பெரும்பாலும் வசந்தகாலம் தொடங்கிக் கோடை முடியும்வரை. புன்டா கானா, பவாரோ இரண்டும் டொமினிக்கன் குடியரசின் கிழக்குக் கரையில் இருப்பதால் அடி நேரே அவற்றுக்குத்தான். கரையில் குவிந்து அழுகினால் கூழ்முட்டை நாற்றம். நல்ல ரிசோர்ட்டுகளில் விடியற்காலையிலேயே ஆட்கள் வந்து அள்ளிவிடுகிறார்கள், ஆனால் மறுநாளும் வரும். அதனால் மே, ஜூனில் போகிறவர்கள் தெற்குப் பக்கம் பயாஹீபேயைப் பாருங்கள். பாசி குறைவு, கடலும் குளம்போல அலையில்லாமல் கிடக்கும், மூன்று நாலு வயதுப் பிள்ளையைக் கரையோரம் இருத்திவிட்டு நாமும் பக்கத்தில் நிம்மதியாக இருக்கலாம். புன்டா கானா விமான நிலையத்தில் இறங்கி பஸ்ஸில் ஒரு மணி நேரம் போல. வடக்கே புவெர்ட்டோ பிளாட்டாவும் மலிவுதான், ஆனால் அது அத்திலாந்திக் கடல், அலை பெரிது.

இந்த ஓல் இன்க்ளூசிவ் ஏற்பாட்டின் தொடக்கமே சிக்கனம்தான் என்பது இப்போது பலருக்கு மறந்துபோயிருக்கும். 1950இல் ஜெரார் பிளிட்ஸ் என்கிற பெல்ஜியக்காரர் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரங்களை அடித்து, ஒருமுறை காசு கட்டினால் சாப்பாடு, தங்குமிடம், விளையாட்டு எல்லாம் சேர்த்தி என்று தொடங்கியதுதான் கிளப் மெட். கையில் காசு வைத்திருக்கத் தேவையில்லை, பாரில் குடிக்க மட்டும் கழுத்தில் போட்டிருக்கும் மணிகளைக் கழற்றிக் கொடுக்கவேண்டும். இப்போது மணிக்குப் பதில் கையில் ஒரு பட்டி. அந்தப் பட்டிக்குள் வராதவையும் உண்டு: ஸ்பா, மோட்டார் படகு, தீவுப் பயணம், கிளி தோளில் இருக்கிற படம், சில இடங்களில் அறையின் பெட்டகம்கூட. காசு கரைவது இங்கேதான். பிள்ளைகளுக்கு ஒரு பயணம், ஒரு படம் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போனால் அங்கே அழுகை குறையும். முற்றாக நிற்காது.

ஹோட்டல் தேடும்போது நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். ஐந்து நட்சத்திர மண்டபத்தின் பளிங்குத் தரையில் எங்கள் வீட்டு வாண்டுகள் வழுக்கி விளையாடினவே தவிர வேறு பயனில்லை. மரங்கள் வளர்ந்த, கொஞ்சம் பழைய, அகன்ற வளவுள்ள நாலு நட்சத்திர இடம் குடும்பத்துக்குப் போதும். கடற்கரையும் பிள்ளைகளின் குளமும் எப்படி என்று பாருங்கள். ஹோட்டல்காரர் போடும் படத்தை விட்டுவிட்டு, போன மாதம் போய்வந்தவர்கள் எடுத்த படங்களைத் தேடுங்கள். கிட்ஸ் கிளப் பெரும்பாலும் நாலு வயதிலிருந்துதான், அதற்குக் கீழே என்றால் நீங்களும் கூட இருக்கவேண்டும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூட்டியும் விடுவார்கள். ஒரு அறைக்கு நாலு பேர் என்பது பல இடங்களில் கண்டிப்பு. மூன்று பிள்ளைகள் இருந்தால் இரண்டு அறையின் விலையையும் ஒரு ஃபாமிலி அறையின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், சிலவேளை இரண்டு அறைதான் மலிவாக வரும். கடல் பார்த்த அறைக்கு மேலதிகக் காசு கொடுக்கவே வேண்டாம், பகல் முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு இருட்டியபின்தானே அறைக்குப் போகப்போகிறோம்.

நம்மவர்களில் பலர் ஸ்காபரோவில் தெரிந்த ஒருவரிடம் காசைக் கொடுத்து ரிக்கெட் எடுப்பார்கள். தப்பில்லை, ஆனால் அவர் டிக்கோவில், அதாவது ஒன்ராறியோவின் பயண முகவர்களைக் கண்காணிக்கும் அமைப்பில், பதிந்தவரா என்று கேளுங்கள். பதிந்தவர் மூலம் எடுத்து நிறுவனம் கைவிரித்தால் ஒன்ராறியோவின் இழப்பீட்டு நிதியில் ஆளுக்கு 5,000 டொலர் வரை கேட்கலாம். ஒன்ராறியோவின் அரசாங்க மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் வெளிநாட்டு மருத்துவச் செலவில் ஒரு துளியைத்தான் தரும், காப்புறுதி இல்லாமல் போகவேண்டாம். வேலையிடத்துக் காப்புறுதியிலோ கடனட்டையிலோ ஏற்கெனவே இருக்கலாம், பாருங்கள். அம்மம்மா அப்பப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் மட்டும் இந்தச் செலவை முதலிலேயே விசாரியுங்கள். எழுபது தாண்டிச் சர்க்கரை, இதயம் என்று இருந்தால் காப்புறுதி விலை திகைக்கவைக்கும். நுழைவுக்கான மின்பதிவு இலவசம், அரசாங்கத் தளத்திலேயே செய்யலாம், காசு கேட்கிற தளங்களில் மாட்டவேண்டாம்.

சாமான் கட்டும்போது முக்கியமானது அமெரிக்க ஒரு டொலர் தாள்கள். அறை துடைக்கிற அக்காவுக்கும் பாரில் நிற்கிற தம்பிக்கும் கொடுக்க. கனடாவின் லூனி, டூனி நாணயங்களைக் கொடுக்காதீர்கள், அங்கே வங்கியில் நாணயம் மாற்ற முடியாது, வாங்கியவருக்குச் சுமைதான். இந்தச் செலவில் கஞ்சம் பார்க்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம்: மண் வாளி, மிதவை, சன்ஸ்கிரீன், நுளம்பு மருந்து எல்லாம் டொலராமாவிலோ வேறெங்கோ இங்கேயே வாங்குங்கள், ரிசோர்ட் கடையில் கேட்கிற விலைக்கு வாங்க மனம் வராது. மூடியுள்ள பெரிய குவளை ஆளுக்கொன்று, பாரில் தரும் கோப்பை சின்னது, பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுக்க நடந்தே கால் ஓய்ந்துவிடும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கவேண்டாம்.

சாப்பாடுதான் நம் சனத்தின் பெரிய கவலை. மாமி சைவம். போகும்போது பருப்புப்பொடியும் ஊறுகாயும் பைக்குள் வைத்துக்கொண்டு, பட்டினி கிடக்கப்போவதாகத்தான் வந்தார். அங்கே பார்த்தால் சோறும் சிவப்பு அவரையும் அன்றாடச் சாப்பாடு, பச்சை வாழைக்காயை அவித்து மசித்த மங்கூ காலையிலேயே வந்துவிடும், தட்டையாக நசுக்கிப் பொரித்த வாழைக்காய் வேறு. மரவள்ளிக்கிழங்கை அவித்தும் வைத்திருக்கிறார்கள், அதன் மாவில் கசாபே என்ற மெல்லிய ரொட்டியும் சுடுகிறார்கள், கொலம்பஸ் வருவதற்கு முன்பிருந்த தாயினோ மக்களின் ரொட்டி அது. மாமி மரவள்ளிக்கிழங்குக்குச் சம்பல் கேட்டார், அது மட்டும் கிடைக்கவில்லை. மே, ஜூன் மாம்பழக் காலமும்கூட. கவனிக்கவேண்டியது ஒன்று: அவரையை இறைச்சித் துண்டோடு கொதிக்கவைப்பதும் உண்டு. "சின் கார்னே?" என்று கேளுங்கள், இறைச்சி இல்லாமலா என்று அர்த்தம், சமையல்காரரே வந்து எதில் மச்சம் இருக்கிறதென்று காட்டிவிடுவார். காசு கட்டிவிட்டோம் என்று நண்டையும் இறாலையும் தட்டில் மலைபோல் குவித்துவிட்டு இரவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவர்களை எல்லா ரிசோர்ட்டிலும் பார்க்கலாம்.

கடற்கரைக் கதிரைக்கு ஒரு போர் நடக்கும். விடியமுன்னமே துவாயைப் போட்டு இடம் பிடித்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார்கள். பிள்ளைக்காரருக்கு அது தேவையேயில்லை, தண்ணீருக்குப் பக்கத்தில் மணலில்தான் இருக்கப்போகிறோம். வரவேற்பில் யாராவது சிரித்துக்கொண்டே வந்து இலவசக் காலைச்சாப்பாடு, பரிசு, ஒரு சின்ன விளக்கம் என்று கூப்பிட்டால், அது வருடா வருடம் காசு கட்டவைக்கிற உறுப்புரிமை வியாபாரம். ஒரு முழுக் காலை போய்விடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். கரை சட்டப்படி பொதுச்சொத்து, ரிசோர்ட் எல்லையோடு நிற்காமல் நடக்கலாம், வழியில் இளநீர் விற்பார்கள், விலை பேசித்தான் வாங்கவேண்டும்.

திரும்பும் நாளில் பகல் பன்னிரண்டுக்கு அறையை விடச்சொல்வார்கள், விமானம் சிலவேளை இரவில்தான் இருக்கும். பஸ் வரும்வரை கைப்பட்டியை வெட்டமாட்டார்களா என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் வெட்டமாட்டார்கள், மதியச் சாப்பாடும் குளமும் உண்டு. ஒரு செட் உடுப்பையும் துவாயையும் பெரிய பெட்டிக்குள் பூட்டாமல் கைப்பையில் வையுங்கள், குளித்து மாற்றப் பொது அறை கொடுப்பார்கள். ரொறன்ரோவுக்கு ஒரு ஜாக்கெட்டும் மேலேயே இருக்கட்டும், மே மாதத்திலும் நடுச்சாமத்தில் பியர்சன் விமான நிலையத்தில் குளிரும்.