தப்பாகச் சொன்னால் திருத்துவார்கள்

மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நீலக்கால் நண்டை அவித்து, சதை பிரித்து, டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு நண்டு மட்டும் வரும் என்பதால் வேலை குறைவு. அந்த நேரம் பார்த்து முதலாளி தகவல் பாதுகாப்புப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். ஆசைப்பட்டுச் செய்ததில்லை. பயிற்சி எடுக்காவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது என்று வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் எழுதிவிட்டார்கள். அவர்களுக்குச் சரக்கு கொடுக்கும் வேறொருவரின் மெயிலுக்குள் யாரோ புகுந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று பில்லோடு எழுதி, பணம் எங்கோ போய்விட்டதாம்.

வகுப்பு தொடங்கும் முன்பே எங்களுக்குத் தேர்வு வைத்துவிட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மே முதல் வாரம், பாம்பன் பாலத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது ஒரு மெயில்: "தடைக்காலச் சம்பளப் பிடித்தம் - பட்டியல்". வயிற்றைக் கலக்கியது. போனில் அனுப்பியவரின் பெயர் மட்டும்தான் தெரியும். முகவரியைப் பார்க்க அந்தப் பெயரைத் தொட வேண்டும். ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் போன், இதில் எங்கே தொடுவது? பட்டியலைத் திறக்க பாஸ்வேர்ட் கேட்டது. போட்டேன். பஸ் பாலத்தை விட்டு இறங்கும் முன்னே கதை முடிந்தது.

அனுப்பியவர் மதுரையிலிருந்து வரவிருந்த பயிற்சியாளர். எங்கள் கம்பெனிப் பெயரில் வரும் 'எம்' (m) எழுத்துக்குப் பதிலாக 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி (rn) போட்டு முகவரி செய்திருந்தார். திரையில் பெரிதாக்கிக் காட்டிய பிறகும் எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. அலுவலகத்தில் பாதிப் பேருக்கு மேல் மாட்டியிருந்தோம் என்பதில் ஒரு அற்ப ஆறுதல்.

முதல் நாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு கூத்து. அவருடைய ஆள் ஒருவர் தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டு தெர்மாக்கோல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறார். வாட்ச்மேன் அண்ணன் தானே ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "எங்கேப்பா வைக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். பத்து நிமிடத்தில் அந்த ஆள் என் நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்து அனுப்பினார். எங்கள் ஊரில் ஐஸ் பெட்டி சுமந்து வருகிறவனை நிறுத்தி யார் என்று கேட்பவன் மனுஷனே இல்லை. அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார்.

முதலாளி வாட்ச்மேனைத் திட்டத் தொடங்கினார். பயிற்சியாளர் தடுத்துவிட்டார். "இன்றைக்குத் திட்டினால் நாளைக்கு உண்மையிலேயே ஏமாந்தவர் உங்களிடம் சொல்ல மாட்டார் சார். இதில் முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம்." முதலாளி முனகிக்கொண்டே உட்கார்ந்தார். என்னைக் கேட்டால், அந்த மூன்று நாளில் பேசியதிலேயே உருப்படியான பேச்சு அதுதான். பாஸ்வேர்டை நீளமாக வை, ஒன்றையே எல்லா இடத்திலும் போடாதே என்பதெல்லாம் பல தடவை கேட்டதுதானே.

இரண்டாம் நாள் எங்களையே ஏமாற்றுகிறவர்களாக நடிக்கச் சொன்னார். போன் போட்டு, சொல்லக் கூடாததைப் பேசி வாங்க வேண்டும். கட்டுப்பாடுகள் இருந்தன: முதலாளியின் எழுத்து அனுமதி, இந்த மாதம் இப்படி ஒரு சோதனை வரலாம் என்று எல்லோருக்கும் முன்னறிவிப்பு, ஓடிபி கேட்கக் கூடாது, வேலை போய்விடும் என்று மிரட்டக் கூடாது, வீட்டில் உடம்பு சரியில்லை என்று கதை கட்டக் கூடாது.

எனக்கு வந்தது தொண்டி கொள்முதல் இடத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி. என் குரல் அவருக்குத் தெரியாது. ஆடிட்டர் ஆபீஸ் என்று சொல்லி, நேற்று எவ்வளவு சரக்கு ஏற்றினீர்கள் என்று கேட்டேன். "அதை மண்டபத்துல கேட்டுக்கோங்க மேடம்." வைத்துவிட்டார். எனக்கு முகம் செத்துப்போனது. பயிற்சியாளர் சிரித்தார். "கேள்வி கேட்காதீங்க. தப்பாச் சொல்லுங்க."

மறுநாள் மறுபடி போன். "தம்பி, நேற்று 30 கிலோன்னு எழுதியிருக்கேன், கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்." உடனே பதறினார். "ஐயோ, 48 கிலோ மேடம்!" வண்டி 6 மணிக்குக் கிளம்பியது என்றேன், இல்லை, எட்டரை என்றார். பணம் பழைய கணக்கிலிருந்துதானே என்றேன். புது வங்கியின் பெயர் வந்தது. முதலாளி ஊரில் இருக்கிறார் என்று எழுதிக்கொள்ளவா என்றேன். இல்லை, சென்னையில், வியாழக்கிழமைதான் வருவார் என்றார். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவும் கையில் இருந்தால் அந்தப் போலி பில்லை நானே எழுதிவிடுவேன். போனை வைத்தபோது ஜெயித்த சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷமே கொஞ்சம் அசிங்கமாகவும் இருந்தது. அவர் செய்த தப்பு என்ன? என் கணக்கு தப்பாகிவிடக் கூடாது என்று நினைத்தார்.

அந்த வாரமே வீட்டில் அம்மாவுக்கு ஒரு போன். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் அவர் கணக்கில் ஏறவில்லையாம். நான் அடுப்படியில் நின்றேன். அம்மா சொல்வது மட்டும் கேட்டது: "ராமேஸ்வரம் கிளை இல்லப்பா, தங்கச்சிமடம்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரண்டியோடு ஓடிப்போய் போனைப் பிடுங்கினேன். "சாமி மாதிரி மரியாதையாப் பேசுற புள்ளகிட்ட இருந்து எதுக்குடி பிடுங்குற?" என்று அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்திருப்பேன். போகாததால், சந்தேக அழைப்புகளைச் சொல்வதற்கென்றே மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் இருக்கும் சக்ஷு பகுதியில் அந்த எண்ணைப் பதிந்தேன்.

சான்றிதழ் வந்தது, ஆர்டரும் வந்தது. இப்போது அலுவலகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கணக்கு எண், எடை, பணம் என்று யார் போனில் பேசினாலும் வைத்துவிட்டு, பழைய நோட்டில் இருக்கும் எண்ணுக்கு நாமே திருப்பி அடிக்க வேண்டும். தொண்டித் தம்பி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பிய முதல் வாரம், ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது, லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், எனக்கு எடை வேண்டும். என் சொந்த எண்ணிலிருந்து அடித்து, "தம்பி, 60 கிலோதானே?" என்றேன். "வைங்க மேடம், நான் கூப்பிடுறேன்" என்று வைத்தவர், பத்து நிமிடம் கழித்து ஆபீஸ் லேண்ட்லைனுக்குத்தான் கூப்பிட்டார்.