பழைய லயத்து மண்ணில் பித்தளை தேடல்: குத்துவிளக்கும் பாக்குவெட்டியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் லயங்களை (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை) இடித்து, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டங்களில் மெட்டல் டிடெக்டர் ஓயாமல் கத்தும். கூரைத் தகரம், ஆணி, ரப்பர்ப் பால் மங்கைத் தாங்கும் கம்பி, பால் வடியும் பீலி என்று எல்லாமே இரும்பு. அதனால் டிடெக்டரின் அடியில் உள்ள வட்டத் தட்டான காயிலில், பதினோரு அங்குலத்தைக் கழற்றிவிட்டு ஆறு அங்குலக் காயிலைப் போடுவது நல்லது. ஆழம் குறையும், ஆனால் குப்பைக்கு நடுவே கிடக்கும் பித்தளை தனியாகக் கேட்கும். செம்மண்ணில் இரும்பு அதிகம், ஆகவே இடம் மாறும்போதெல்லாம் கிரவுண்ட் பேலன்ஸையும் (மண்ணின் இரும்புக்குக் கருவி கத்தாதபடி செய்யும் அமைப்பை) சரிபார்க்க வேண்டும்.

முன்வாசலைவிட அடுப்படியும் பாத்திரம் துலக்கிய வாய்க்கால் ஓரமும்தான் பலன் தருகின்றன. கோயில் இருந்த இடத்தைத் தொடவே கூடாது. தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். மரபுடைமைப் பொருளாகத் தோன்றும் எது கிடைத்தாலும், தேசிய மரபுடைமைச் சட்டம் 2005 (சட்டம் 645) படி மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும்.

காயிலை மண்ணிலிருந்து ஒரு முழம் தூக்கியும் சத்தம் குறையவில்லையென்றால் அது தகரமாகவோ பெரிய பாத்திரமாகவோ இருக்கும். இரும்புச் சத்தமும் பித்தளைச் சத்தமும் மாறி மாறி வந்தால் தள்ளிவிடாதீர்கள். இரும்பு அலகும் பித்தளைப் பிடியும் உள்ள பாக்குவெட்டி அப்படித்தான் கேட்கும். சத்தம் வந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளியே மண்வெட்டியை இறக்க வேண்டும். குத்துவிளக்கு பெரும்பாலும் மரை வைத்து இணைத்தது. அடிப்பாகம் மட்டும் கிடைத்தால் தண்டு, தட்டு, அன்னம் மூன்றையும் சுற்றிலும் ஒரு மீட்டர் தூரத்துக்குள் தேடிவிட்டுத்தான் குழியை மூட வேண்டும்.

செம்பனை வரிசைக்குள் கிடைப்பவை அதிகம் அரித்திருக்கும். பொட்டாசியம் குளோரைடு உரத்தின் குளோரைடு பித்தளையைத் தின்கிறது. பித்தளையில் செம்போடு கலந்துள்ள துத்தநாகம் கரைந்துபோன இடம் இளஞ்சிவப்பாகத் தெரியும். அங்கே உலோகம் பொலபொலத்துப்போய், விரலால் அழுத்தினாலே உதிரும். துலக்குவதற்குப் புளி, எலுமிச்சை, பிராசோ பாலிஷ் எதுவும் வேண்டாம். பளபளப்பு வரும், கூடவே பூவேலைப்பாட்டின் கூர்மை போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றி, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் கிளற வேண்டும். காய்ந்த பிறகு வெளிர்பச்சைத் தூள் மறுபடி பூத்தால் குளோரைடு இன்னும் உள்ளே இருக்கிறது. திரும்பவும் ஊறப்போட வேண்டும்.

பாக்குவெட்டியை மட்டும் ஊறவைக்கக் கூடாது. பித்தளையைத் தொட்டுக்கொண்டு நீரில் கிடக்கும் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். நிழலில் உலர்த்தி, உலர்ந்த தூரிகையால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.