பென்சில் ஏன் எப்போதும் ஊர் எல்லைக்கே போகிறது?

பாதாளச் சாக்கடைக் குழாய்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் நில வகைப்பாட்டை மாற்றும் கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுவார்கள், ஆனால் மேடையெல்லாம் கிடையாது. சுவரோரமாக ஒரு நாற்காலி. "குழாய் தாங்குமா?" என்று யாராவது கேட்டால் எழுந்து பதில் சொல்ல வேண்டும். மற்ற நேரமெல்லாம் வேடிக்கை பார்க்கலாம்.

வீடு போதவில்லை என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. வளர்ந்த பிள்ளைகளுக்கு வாடகைக்குக்கூட வீடு கிடைப்பதில்லை என்று எல்லோருமே தலையாட்டுவார்கள். மேசைமேல் வரைபடத்தை விரித்து "சரி, அடுக்குமாடியை எங்கே விடலாம்?" என்று கேட்டதும்தான் ஆரம்பிக்கும். பென்சில் நேராக ஊர் எல்லைக்குப் போகும். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு காலி நிலம் இருக்கும். ஆட்சேபணை சொல்ல அங்கே ஆள் இல்லை. அந்த நிலத்துக்கு இருக்கும் ஒரே தகுதி அதுதான்.

அப்படிப்பட்ட நிலம் பெரும்பாலும் பள்ளத்தில் கிடக்கும். இத்தனை காலம் யாரும் அங்கே கட்டாததற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். கழிவுநீர் சரிவைப் பார்த்துத்தான் ஓடும். 200 மில்லிமீட்டர் குழாய் என்றால் 250 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டராவது இறக்கம் வேண்டும். குறைந்தால் ஓட்டம் மந்தமாகி, கசடு அடியில் தங்கி அடைத்துக்கொள்ளும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்ற வேண்டுமென்றால் பம்பிங் ஸ்டேஷன். அதற்கு மோட்டார், மாற்று மோட்டார், ஜெனரேட்டர், மாதாமாதம் கரண்ட் பில், ராத்திரி அலாரம் அடித்தால் ஓட ஒரு ஆள். கட்டிடம் கட்டியவர் வீடுகளை விற்றுவிட்டுப் போய்விடுவார். பம்ப் ஊர் தலையில்.

நடு ஊரைக் காட்டினால் உடனே "அது பழைய குழாய், தாங்காது" என்பார்கள். சில இடங்களில் உண்மைதான். ஆனால் அதே சரிவில் 200 மில்லிமீட்டரை எடுத்துவிட்டு 300 போட்டால் எத்தனை மடங்கு கழிவுநீர் போகும் என்று கேட்டால், ஒன்றரை மடங்கு என்று சொல்வார்கள். உண்மையில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு! குறுக்களவு கூடும்போது பரப்பும் கூடுகிறது, ஓட்டத்தின் வேகமும் கூடுகிறது. செலவோ அந்த அளவுக்கு ஏறாது. பணத்தைத் தின்பது குழாய் இல்லை, தெருவைத் தோண்டி மூடுவது. தோண்டுவது என்று ஆகிவிட்டால் பெரிய குழாயாகவே இறக்கிவிடலாம்.

அடுத்த ஆட்சேபணை பார்க்கிங். ஒரு கார் நிற்கவும் திரும்பவும் 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். வீட்டுக்கு இரண்டு கார் என்று விதி போட்டால் 60 சதுர மீட்டர் வரை போகிறது. அது ஒரு சின்ன ஃபிளாட்டின் அளவு. அடுக்குமாடிக்கு அனுமதி தந்துவிட்டு இந்த விதியையும் வைத்துக்கொண்டால், காருக்குக் கொடுத்தது போக மிச்ச இடத்தில்தான் வீடு.

அமெரிக்காவின் மினியாபொலிஸில் 2020 முதல் எந்தக் குடியிருப்பு மனையிலும் மூன்று வீடு கட்டலாம் என்றார்கள். பெரிய செய்தியானது. ஆனால் அப்படிக் கட்டப்பட்டவை கொஞ்சம்தான். புது வீடுகளில் பெரும்பங்கு பஸ், ரயில் போகும் சாலைகளை ஒட்டிய அடுக்குமாடிகளில் வந்தது. 2021-ல் கட்டாய பார்க்கிங் விதியையும் எடுத்துவிட்டார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2016-ல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் கூடுதல் வீடுகள் கட்டத் திறந்துவிட்டார்கள். கட்டிட அனுமதிகள் நன்றாகவே ஏறின. இதையெல்லாம் சொன்னால் "அது நகரம், இது சின்ன ஊர்" என்பார்கள். இந்தச் சண்டையில் பேர்போன வழக்கே கிளீவ்லாந்து பக்கத்தில் யூக்ளிட் என்ற ஒரு கிராமத்துடையது. எங்கே என்ன கட்டலாம் என்று கிராமம் போட்ட விதி செல்லும் என்று 1926-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிராமத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் அடுக்குமாடி வீட்டை 'ஒட்டுண்ணி' என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோபம் நூறு வருஷமாக ஆறவில்லை.

கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பாஸ்டன் வட்டாரத்தில் 97 ஊர்களின் கூட்டக் குறிப்புகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். பேசியவர்களில் சொந்த வீட்டுக்காரர்களும் வயதானவர்களும் ஊரில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகம். பெரும்பாலோர் எதிர்த்துப் பேசியவர்கள். சுவரோரம் உட்கார்ந்து நான் பார்ப்பதும் அதேதான். கட்டப்போகும் வீட்டில் குடியேறப் போகிறவர் இன்னும் அந்த ஊருக்கே வரவில்லை. அவர் எப்படி வந்து கை தூக்குவார்?

எதிர்ப்பவர்கள் சொல்வதெல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை. பக்கத்து மனையில் மூன்று மாடிச் சுவர் எழும்பினால் வெயில் போகும், காற்று போகும். மாடி ஏற ஏறச் சுவர் எல்லையை விட்டு உள்ளே தள்ளிப் போக வேண்டும் என்று விதி எழுதினால் அதைப் பாதியாவது சரிசெய்யலாம். அதைக் கேட்பதை விட்டுவிட்டு, மொத்தமாக வேண்டாம் என்று எழுந்து போகிறவர்கள்தான் அதிகம்.

எனக்கு வயிறெரிகிற விஷயம் வேறு. நடு ஊரைத் திறந்துவிட்டதும் முதலில் வரும் மூன்று பேர் பழைய குழாயில் மிச்சமிருக்கும் இடத்தைச் சும்மா எடுத்துக்கொள்வார்கள். நாலாவதாக வருபவரிடம் "குழாய் நிரம்பிவிட்டது, தெரு முழுக்க மாற்றிக் கொடு" என்பார்கள். அவர் கணக்குப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார். அதோடு வீடும் நின்றுவிடும். வகைப்பாட்டை மாற்றும் அன்றே அந்தத் தெருவில் மொத்தம் எத்தனை வீடு வரலாம் என்று கணக்கிட்டு, குழாய்ச் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, முதல் ஆளிடமிருந்தே வாங்க வேண்டும். கூட்டத்தில் இதைச் சொல்ல எழுந்தால், "குழாய் தாங்குமா தாங்காதா, அதை மட்டும் சொல்லுங்க மேடம்" என்கிறார்கள்.