கிரைண்டர் பாயிண்டில் 48 ஓம்

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் சரளை மண்ணில் கட்டிய வீடு அது. போனது ஒரு சித்திரை வெயிலில். வீட்டுக்கார அம்மா சொன்ன குறை இதுதான்: "கிரைண்டரைத் தொட்டா சில நாள் சுர்ருங்குது தம்பி. சில நாள் ஒண்ணுமே இல்ல. ஏற்கெனவே ஒருத்தர் வந்து பார்த்துட்டு எர்த் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று கேட்கவே வேண்டாம். என் பையிலும் அந்த ஹோல்டரும் 100 வாட் குண்டு பல்பும் கிடக்கின்றன. ஒரு முனையை பேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைப்போம். பல்பு எரிந்தால் எர்த் உண்டு. என் மேஸ்திரி எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார், நானும் பத்து வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

லூப் டெஸ்டரை கிரைண்டர் பாயிண்டில் செருகினேன். பேஸிலிருந்து எர்த் வழியே கரண்ட் திரும்பும் பாதையின் தடையை அளக்கிற மீட்டர் அது; தடை குறையக் குறைய நல்லது. 48 ஓம். மறுபடி அழுத்தினால் 131. இன்னொரு தடவை 61. ஒரே இடத்தில் மூன்று அளவு வந்தால் எங்கோ ஓர் இணைப்பு லூஸ் என்று அர்த்தம். அந்த மீட்டர் ஒரு கணம் சில ஆம்பியரை எர்த் வழியே செலுத்தித்தான் அளக்கும். அப்படிச் செலுத்தும்போது வீட்டில் வேறொன்று நடந்திருக்க வேண்டும், நடக்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உடன் வந்த பையன் பல்பை வைத்துப் பார்த்தான். பளிச்சென்று எரிந்தது. "எரியுதே அண்ணே?"

எரியத்தான் செய்யும். சூடான 100 வாட் பல்பின் தடையே ஏறக்குறைய 530 ஓம். அதோடு 48 ஓம் சேர்ந்தால் பல்புக்கு 19 வோல்ட்தான் குறையும். 211 வோல்ட்டில் எரிகிற பல்பு மங்கல் என்று யார் கண்ணுக்குத் தெரியும்? ஆனால் கிரைண்டருக்குள் பேஸ் வயர் அறுந்து பாடியைத் தொட்டால் கணக்கே வேறு. 230-ஐ 48 ஆல் வகுத்தால் 4.8 ஆம்பியர். கரண்ட் அளவு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்தான் எம்சிபி; 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு மிக்சி ஓடுகிற மாதிரி. அசையாது. தடையில் பெரும்பங்கு எர்த் பக்கமே இருப்பதால் கிரைண்டரின் பாடி 200 வோல்ட்டுக்கு மேலே நின்றுகொண்டிருக்கும், ஈரக்கையோடு யாராவது வரும்வரை.

பாயிண்ட் பாயிண்டாகப் போனோம். மெயின் போர்டில் 5.8. பிரிட்ஜ் பாயிண்டில் 5.9. மிக்சி பாயிண்டில் 6.0. அடுத்தது கிரைண்டர், அங்கே 48. ஆக, தேட வேண்டியது மிக்சிக்கும் கிரைண்டருக்கும் நடுவே எட்டடி தூரம் மட்டும்.

மெயினை அணைத்துவிட்டு கிரைண்டர் பாக்ஸைக் கழற்றினால் கதை தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் சமையலறைக்கு டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அப்போது பாக்ஸை ஒரு முழம் மேலே ஏற்றியிருக்கிறார்கள். வயர் எட்டவில்லை. பேஸையும் நியூட்ரலையும் ஒழுங்காகவே நீட்டியிருக்கிறார்கள். எர்த்துக்கு மட்டும் கையில் கிடந்த ஜிஐ கம்பியை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பியைச் செம்பு வயரோடு முறுக்கி டேப் சுற்றிவிட்டார்கள். டேப்பைப் பிரித்ததும் வெள்ளைப் பொடி கொட்டியது. செம்பும் துத்தநாகமும் ஒட்டிக்கிடக்க, சமையலறை ஆவியும் சேர்ந்தால் துத்தநாகம்தான் முதலில் அரிபடும்.

இந்த வேலையில் எனக்குப் பயம் தருகிற விஷயம் இது. பேஸில் இப்படி ஒரு முறுக்கு இருந்திருந்தால் முதல் வாரமே சூடேறி, கருகி, நாற்றமடித்து வீட்டுக்காரர் போன் பண்ணியிருப்பார். எர்த் வயரில் அன்றாடம் மின்சாரம் ஓடுவதில்லை. கெட்டுப்போனால் மூச்சுவிடாது. இந்த வீட்டில் தெரியவந்ததற்குக் காரணம் கிரைண்டரும் கெட்டிருந்ததுதான். வயருக்கும் பாடிக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மெகரைத் தனியாக வைத்தபோது 0.2 மெகோம்தான் வந்தது. எர்த் விட்டுப்போன நாட்களில் அந்தக் கசிவு அம்மாவின் கை வழியே இறங்கியிருக்கிறது.

பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டு, மிக்சி பாக்ஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் பச்சை வயரை ஒரே துண்டாக இழுத்தோம். கிரைண்டர் பாயிண்டில் 6.1. நான்கு தடவை அழுத்தினாலும் 6.1. டீ குடித்தோம்.

டீ குடிக்கும்போதுதான் பையன் கேட்டான். "6.1-னா 38 ஆம்பியர் வரும். 16 எம்சிபி உடனே விழுந்துடும்ல?"

விழாது. சி டைப் எம்சிபி கண்ணிமைக்கும் நேரத்தில் விழ, அதன் அளவைப்போல ஐந்திலிருந்து பத்து மடங்கு வேண்டும். பத்து மடங்கு, அதாவது 160 ஆம்பியர் கிடைக்க லூப் 1.44 ஓமுக்குள் இருக்க வேண்டும். 38 ஆம்பியரில் அது சூடேறி விழ ஒரு நிமிடம்கூட ஆகலாம். சரளை மண்ணில் சொந்தக் குழி எர்த்தை வைத்துக்கொண்டு 1.44 என்பது நடக்கிற காரியமில்லை. கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் கொஞ்சம் இறங்கும், அந்த உப்பே பிறகு பைப்பைத் தின்னும். போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டி அளவை அழகாக்குகிறவர்கள் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் கட்டியிருக்கிறேன். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் அந்த வீட்டில் எர்த் கொடுத்த அத்தனை பாடியிலும் கரண்ட் ஏறும்.

இப்படிப்பட்ட வீட்டில் ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடுகிற ஆர்சிசிபி சுவிட்ச்தான் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினேன். காலையில் எர்த்தில் ஆம்பியர் கணக்கில் செலுத்தினேனே, போர்டில் ஆர்சிசிபி இருக்கிறதே, ஏன் விழவில்லை?

போர்டைத் திறந்தோம். ஆர்சிசிபி அலங்காரமாக உட்கார்ந்திருந்தது. வயர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நேராகப் போயிருந்தன. "இன்வெர்ட்டர் மாட்டின நாள்லேர்ந்து அது விழுந்துக்கிட்டே இருந்துச்சு தம்பி. அதான் டைரக்ட் பண்ணிட்டாங்க."

இன்வெர்ட்டருக்கு நியூட்ரலை ஆர்சிசிபிக்கு முன்னாலேயே எடுத்து, ஹால் லைட் நியூட்ரலோடு ஒரு ஜங்ஷன் பாக்ஸில் கலந்துவிட்டிருந்தார்கள். தன் வழியாகப் போனது தன் வழியாகவே திரும்பாவிட்டால் ஆர்சிசிபி அதைக் கசிவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். எர்த் வயர் மாற்ற இரண்டு மணி நேரம். அந்த நியூட்ரல்களைப் பிரிக்க மறுநாளும் மதியம் வரை. கூலி சொன்னபோது அம்மாவின் முகம் சுருங்கியது, ஒரு முழ வயருக்கு இவ்வளவா என்று. நியாயம்தான், கண்ணில் பட்டது அந்த ஒரு முழம்தானே.

கிரைண்டரை காயில் கட்டுகிறவரிடம் அனுப்பச் சொன்னேன். டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். வீடு மொத்தமும் அணைந்தது. மறுபடி ஏற்றிவிட்டு, போர்டு கதவின் உள்பக்கத்தில் மார்க்கரால் தேதியோடு எழுதினேன்: மெயின் 5.8, கிரைண்டர் 6.1.

அம்மா எட்டிப் பார்த்தார். "உங்க போன் நம்பரா தம்பி? பாதிதான் இருக்கு."